முதல் எழுத்துக்குள் ஒரு முகம்

நாங்கள் வந்து குடியேறிய ஸ்காபரோவின் கடைத்தொகுதிகளில் தமிழ்க் கடைப் பெயர்ப்பலகைகளில் பாதி வின்சன்றின் கையெழுத்து. நல்ல எழுத்து, ஆள்தான் யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர். நானும் அப்படித்தான் என்பதால் துணிந்து சொல்கிறேன்.

தொண்ணூற்றேழில் எங்கள் தேவாலயத் தமிழ்ப் பூசைப் பாடகர் குழுவுக்கு, எல்லோரும் சுற்றி நின்று பாடத்தக்க பெரிய பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கையால் எழுதினார். செலவு அருள்நாயகத்துடையது. வீடு விற்பவர், அந்த வருஷ நகரசபைத் தேர்தலில் நின்றவர்.

முதல் பாட்டு, குழுத் தலைவி எமில்டா கட்டியது. மன்னார்க் கடலில் படகு கவிழ்ந்து இறந்த மகனை நினைத்து, 'அருள்நாயகா' என்று ஆண்டவரை அழைத்துத் தொடங்கும். மகனின் சின்னப் படமொன்றை, பார்த்து வரையச் சொல்லி வின்சன்றிடம் கொடுத்தார்.

"தம்பி, அந்த முதல் எழுத்தைப் பெரிசா எழுதி, அதுக்குள்ள இவன்ர முகத்தைக் கீறி விடும்."

அடுத்த கிழமை அருள்நாயகம் வந்தார். "பாட்டே என்ர பேரிலதானே துவங்குது! நான் மாதாவுக்கு முன்னால முழங்காலில நிக்கிற மாதிரிப் போடும். உம்மட மனிசியை இஞ்ச எடுக்கிற ஸ்பொன்சருக்கு, நீர் என்னட்ட வேலை செய்யிறீர் எண்டு நான்தானே கடிதம் தரவேணும்?"

அது எதற்கென்று வின்சன்றுக்கு விளங்காமல் இல்லை. நகர நடுவே, டவுன்ரவுனில் அவர் முன்பு துப்புரவு வேலை செய்த நூலகத்தில், ஐந்நூறு வருஷப் பழைய இத்தாலிக் கோவில் பாட்டுப் புத்தகமொன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. முதல் எழுத்துக்குள் மாதாவின் காலடியில் ஒரு பிரபு. ஓரமெல்லாம் அவன் குடும்பச் சின்னம். பணம் கொடுத்தவன் அவன், பாடுகிறவர்கள் தன் ஆட்சியை மறக்காதிருக்கவே படம் போடுவித்தான் என்று குறிப்பு இருந்தது. அதை வாசித்த அன்றைக்கு, "சரியான கள்ளன்," என்று சிரித்தாராம்.

இப்போது அதே மாதிரி அருள்நாயகத்தைக் கீறினார். மீசை சரியில்லை, கன்னம் ஒட்டியிருக்கிறது என்று அருள்நாயகம் மூன்று தரம் மாற்றச் சொன்னார். மூன்று தரமும் மாற்றினார்.

மடு மாதா திருநாளன்று புத்தகத்தைத் திறந்தோம். எமில்டா முதல் பக்கத்துக்குக் குனிந்தார். அருள்நாயகத்தின் முகத்தை விரலால் தடவிப் பார்த்தார். வர்ணம் தடித்துக் கிடந்தது.

"முதல் என்ர பிள்ளையைக் கீறிப்போட்டுத்தான் மேல பூசினனீர், என்ன? அடியில இருக்கிறானோ?"

"ஓம் அக்கா," என்றார் வின்சன்ற்.

தேர்தலில் அருள்நாயகம் தோற்றார். வின்சன்றின் மனைவி வந்து சேர்ந்தார். ஞாயிறுதோறும் எமில்டா அந்த முகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் பாடினார். முன்வரிசை வாங்கில் அருள்நாயகம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தார். வின்சன்ற் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

ஏன் என்று கேட்கப் போனேன். பேர்ஸைத் திறந்து அந்தச் சின்னப் படத்தை எடுத்துக் காட்டினார்.

"திருப்பிக் குடுக்கவும் முகமில்லை, அண்ணை. நான் இவனைக் கீறவேயில்லை. அடியில இருக்கிறதும் அருள்நாயகம்தான்."