கஜா பேராங்கில் நான் விற்ற அணு மின்சாரம்

வீடு வீடாக ஏறி இறங்கிப் பொருள் விற்றவர்களுக்குத் தெரியும்: நாய் துரத்தினால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம், வீட்டுக்காரர் கேள்வி கேட்க ஆரம்பித்தால் தப்ப முடியாது.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த சமயம், மலாக்கா கஜா பேராங்கில் ஒரு சீனர் நடத்திய வயரிங் கடையில் நான் இருந்தேன். ஏணியில் ஏறினால் தலை சுற்றும். அதனால் தவுக்கே, அதாவது முதலாளி, என்னிடம் ஒரு சைக்கிளைக் கொடுத்து, வயரிங் போட வீடு பிடித்துவர அனுப்பினார்.

வெள்ளை வேட்டி

அந்த நாட்களில் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. இங்கிலாந்தில் அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்களாம், புகையே கிடையாதாம். பாதிதான் புரிந்தது. விற்பனைக்கு அது போதும் என்று நினைத்தேன்.

முதலில் டோபி வீரையாவிடம் போனேன். காற்று திசை மாறினால் மின்நிலையத்தின் டீசல் புகை அவர் கொடியில் காயும் வேட்டிகளில் புள்ளி புள்ளியாகப் படியும். "அண்ணே, நம்ம நாட்டுக்கும் சீக்கிரம் அணு கரண்டு வந்துடும். கரி, புகை ஒண்ணும் இருக்காது. இப்பவே வயரிங் போட்டு வச்சுக்குங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் அளவு எடுக்க நாடாவை உருவினேன்.

"அப்ப அது வரட்டும் தம்பி. இப்பவே லைட்டு போட்டா, என் வேட்டியில விழற கரியில எனக்கும் பங்கு இருக்கில்ல?"

இரண்டு மூட்டை

மளிகைக்கடை ராவுத்தர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எரிஞ்ச பிறகு சாம்பல் இருக்குமே, அதை எங்க கொட்டுவாங்க?" என்றார். பத்திரிகையில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கொஞ்சூண்டுதான் மிஞ்சும்."

"பாத்திரம் தேய்க்க ஆகுமா?"

"பளபளன்னு ஆயிடும்!" என்றேன். அந்தச் சாம்பலைத் தொட்டாலே ஆபத்து என்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன்.

"அப்ப வயரிங்கை விடு. சாம்பல் வந்ததும் ரெண்டு மூட்டை நம்ம கடைக்கு எடுத்து வை."

கறுப்பு நெருப்பு

அடுத்து, பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் ஒரு மலாக்கா செட்டி வீடு. நெற்றி நிறையத் திருநீறு பூசியவரைப் பார்த்ததும் தமிழில் பொழிந்து தள்ளினேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். முடித்த பிறகுதான் தெரிந்தது, அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். எனக்குத் தெரிந்த மலாயில் "ஆப்பி ஆத்தோம்", அதாவது அணு நெருப்பு, என்றேன். அவர் காதில் அது "ஆப்பி ஈத்தாம்", கறுப்பு நெருப்பு, என்று விழுந்திருக்கிறது. மனைவியையும் கூப்பிட்டுச் சொன்னார். இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர் மலாயில் கேட்டதன் அர்த்தம் இதுதான்:

"நெருப்பே கறுப்புன்னா, ராத்திரியில அது எரியுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சயாமிலிருந்து வந்தவர்

செமாபோக் என்ற ஊரில் மாரியப்பன் வீட்டிலும் பத்திரிகையை விரித்தேன். 'அணு' என்றதுமே அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர் அவர்.

"அந்தக் குண்டு விழுந்த பிறகுதான் எங்களை விட்டாங்க. அது விழலன்னா நான் அங்கேயே மண்ணாப் போயிருப்பேன். ஆனா அது விழுந்த ஊர்லயும் பிள்ளைகுட்டிங்க இருந்திருக்குமே. நல்லதுன்னு சொல்லவும் வாய் வரல, கெட்டதுன்னு சொல்லவும் வரல."

பத்திரிகையை மடித்தேன். அவர் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன். வாசல் வரை வந்தவர் என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார்.

"அது விளக்கெரிக்க வந்தா வரட்டும். எம் மக மண்ணெண்ணெய் விளக்குல படிச்சுப் படிச்சு கண்ணைக் கசக்குறா, நீ இருக்கிற கரண்டையே இழுத்துக் குடு."

கடையில் இல்லாத சரக்கு

எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வீடுதான். இதற்கிடையில் வீரையா கடைக்கே வந்து, அணு கரண்டு எப்போது வரும் என்று தவுக்கேயிடம் விசாரித்துவிட்டார். ஏன் வேறு ஒருவரும் வயரிங் கேட்டு வரவில்லை என்பது தவுக்கேக்கு அப்போது விளங்கியது. என் சைக்கிளைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவரோ ஏணியைக் காட்டினார். மாரியப்பன் வீட்டுக்கு நானே ஏறிக் கம்பி இழுக்க வேண்டுமாம். ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தவுக்கே தோளில் தட்டிச் சொன்னார்:

"நீ நல்லாத்தான் விக்கிற. ஆனா நம்ம கடையில இல்லாத சரக்கையே விக்கிற."

அணு மின்சாரம் இந்த நாட்டுக்குத் தேவையா இல்லையா என்று பெரிய மனிதர்கள் இன்றும் குளிர்சாதன அறையில் கூடிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை அன்றைக்கே எடுத்து, அதனால் முதன்முதலில் ஏணியேறித் தலைசுற்றியவன் அடியேன்தான்.