தக்காளிப் பாத்திக்குக் கீழே இருந்த வீடு

அந்த நாலு மாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் பிளம்பர்தான். மனைவிகூட வெளியாட்களிடம் "எங்க பிளம்பர்" என்றுதான் சொல்வாள். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி ஏணியில் ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு தொழிலை விட்டார். சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாத மனிதர். மொட்டை மாடியில் விரிசல் விட்டுக் கிடந்த பழைய தண்ணீர்த் தொட்டியைப் பாதியாக அறுத்து, மண் நிரப்பிக் கீரை விதைத்தார். கீரை புதராக வந்தது. மிஞ்சியதைப் பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரம்மா தன் சமையலறைக் கழிவை ஒரு வாளியில் கொண்டுவந்து, "இது உங்க செடிக்கு ஆகுமா?" என்று கேட்டாள். ஆரம்பம் அவ்வளவுதான்.

அடுத்தடுத்த மழைக்காலங்களில் தெருவின் பாதி மொட்டை மாடிகள் பச்சையாகிவிட்டன. ஒரு கட்டடத்தில் கத்தரி, இன்னொன்றில் பீன்ஸ், மூலைக் கட்டடத்தில் பூசணி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் இவர்கள் கட்டடத்து வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் போட்ட நீள மேஜைக்கு வந்து சேரும். செடி வைத்தவர்களுக்குப் பங்கு, தண்ணீர் ஊற்றியவர்களுக்குப் பங்கு, உரத்துக்குக் கழிவு கொடுத்தவர்களுக்கும் பங்கு. படி இறங்க முடியாத வயசாளிகளுக்குப் பை வீடு தேடிப் போகும். தெருமுனைக் காய்கறிக் கடைக்காரர் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு அவரே அழுகிய கோஸ் இலைகளை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார்.

"என் பொழைப்புல மண்ணைப் போட்டாச்சு. அந்த மண்ணுக்கு உரமாவது என் கடையிலேருந்து போகட்டும்" என்றார்.

எல்லாவற்றுக்கும் நடுவில் பிளம்பர். எந்தச் செடிக்கு என்ன பூச்சி, எந்த மாடிக்கு எவ்வளவு மண் என்று அவரிடம்தான் கேட்பார்கள். அவருக்கு ஒரு தனி நடையே வந்துவிட்டது. இஸ்திரி போட்ட சட்டையோடு மாடிக்குக் கிளம்புவார். "செடிங்க உங்களை மாப்பிள்ளை பாக்கவா வருது?" என்று மனைவி சிரிப்பாள்.

எல்லோரும் வந்து பார்ப்பது தக்காளிப் பாத்தியைத்தான். நல்ல வெயில் விழும் மூலை என்று அங்கே பெரிய மரச்சட்டம் அடித்து, இடுப்பளவு மண் கொட்டியிருந்தார். மழைத்தண்ணீர் வடியும் துவாரமும் அதே மூலையில் இருந்தது. அதற்கு வழி விட்டுத்தான் சட்டம் அடித்தார். ஆனால் மண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அந்த வழியை அடைத்துவிட்டது.

அந்த மூலைக்கு நேர்கீழே ஒரு தையல்காரி வாடகைக்கு இருந்தாள். கணவன் வெளியூரில் வேலை. முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கையும் சட்டையும் தைத்துக் கொடுப்பாள். ஒருநாள் அவள் மேலே ஏறி வந்தாள்.

"அண்ணே, எங்க மெஷினுக்கு மேல ஈரம் இறங்குது. ஒரு எட்டு வந்து பாக்குறீங்களா?"

போய்ப் பார்த்தார். சுவரைத் தட்டினார். நாற்காலியில் ஏறி ஈரத்தைத் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோனார். மண்வாசனை. குழாய்த் தண்ணீருக்கு அந்த வாசனை கிடையாது. வாழ்நாள் முழுக்கக் கசிவைத் தேடி அலைந்தவருக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"இது உங்க பாத்ரூம் குழாய்மா. வீட்டு ஓனர்கிட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கினார்.

நேராக மாடிக்குப் போய்ப் பாத்திக்கு அடியில் கையை விட்டார். சேறும் வேருமாகக் கையில் வந்தது. சரிசெய்ய வேண்டுமென்றால் பாத்தியையே பிரிக்க வேண்டும். காய்கள் அப்போதுதான் சிவக்க ஆரம்பித்திருந்தன. வேறொரு பகுதியிலிருந்து ஆட்கள் தோட்டத்தைப் பார்க்க வருவதாகவும் இருந்தது. அறுவடை முடியட்டும் என்று நினைத்தார். அறுவடை முடிந்தது. மறுநாளே புது நாற்று நட்டார்.

வீட்டு ஓனர் பாத்ரூம் சுவரை உடைத்துப் பார்த்தார். குழாயில் ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லை. வீண் செலவு வைத்துவிட்டாய் என்று தையல்காரியிடம் எரிந்து விழுந்தார். அந்த வெள்ளிக்கிழமை அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். "அண்ணே, குழாய் இல்லையாம். மேலேருந்துதான் வருது. நீங்க தண்ணி ஊத்துற அன்னிக்குத்தான் ஒழுகுது" என்றாள்.

சுற்றிலும் ஜனம். பிளம்பருக்கு முகம் சூடேறியது.

"நான் குழாயோட குடும்பம் நடத்தினவன்மா. எது எங்கேருந்து ஒழுகுதுன்னு எனக்கே நீ பாடம் எடுக்கிறியா? தெருவுக்கே நல்லது நடக்குது, பொறுக்கலைன்னா ஏதாவது பேசத்தான் தோணும்."

பலரும் சிரித்தார்கள். அவள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். அதன்பிறகு மேஜைப் பக்கமே வரவில்லை. அந்தம்மா எதற்கெடுத்தாலும் புகார் சொல்லும் பேர்வழி என்ற பேச்சு தெரு முழுக்கப் பரவியது. பிளம்பர் அதைக் காதால் கேட்டார். வாயைத் திறக்கவில்லை.

பெருமழை பெய்த ஒரு மத்தியானம், கட்டடமே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிளம்பர் ஓடிப்போய்ப் பார்த்தார். மெஷின்மேல் கூரைக் காரை பெயர்ந்து விழுந்திருந்தது. தைத்து அடுக்கியிருந்த துணியெல்லாம் சேற்றுத் தண்ணீர். தையல்காரி மணிக்கட்டை அழுத்திப் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். பெயர்ந்த இடத்து விரிசலில் வெள்ளை வேர்கள் நூல் நூலாகத் தொங்கின. அது என்ன வேர் என்று யாரும் யாரிடமும் கேட்கத் தேவை இருக்கவில்லை.

அவருடைய மனைவி அவளுக்குக் கட்டுப்போட அழைத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும், "உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. தட்டில் சோற்றை வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

மழை விட்டதும் பாத்தியைப் பிரித்தார். உதவிக்கு வந்தவர்களை அனுப்பிவிட்டு, மண்ணைத் தானே சாக்கில் அள்ளிக் கீழே இறக்கினார். முழங்கால் வீங்கியது. பிறகு தையல்காரியின் வீட்டு வாசலில் போய் நின்றார். கூரையை நானே பூசித் தருகிறேன், நனைந்த துணிக்கெல்லாம் பணம் தருகிறேன் என்றார்.

அவள் கேட்டாள்: "முதல் நாள் வந்து தொட்டுப் பாத்தீங்களே, அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

அவள் கட்டுப்போட்ட கையால் மேலே காட்டினாள். "கூரையைப் பூசுங்க, அது உங்க கடமை. ஆனா நான் பொய் சொல்றேன், பொறாமை பிடிச்சவள்னு தெருவே நம்புது. அதை யார் பூசுவா? வீடு வீடாப் போய்ச் சொல்லுங்க."

போனார். ஒவ்வொரு கதவாகத் தட்டி நடந்ததைச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. யாருமே திட்டவில்லை. "அட விடுங்க, வேணும்னா செஞ்சீங்க?" என்றார்கள். "வேணும்னுதான் சொல்லாம இருந்தேன்" என்று அவர் திருத்தினார். "நீங்க எவ்வளவு நல்லது செஞ்சிருக்கீங்க!" என்றாள் முதலில் கழிவு வாளி கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரம்மா. அந்த வார்த்தை அவரைக் கூனிக் குறுக வைத்தது. காய்கறிக் கடைக்காரர் மட்டும் கேட்டுவிட்டுத் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அன்னிக்குச் சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். எனக்கும் சேத்து மன்னிப்பு கேட்டுருங்க" என்றார்.

"அதை நீங்கதான் போய்க் கேக்கணும்" என்றார் பிளம்பர். கடைக்காரர் போனாரா என்று தெரியவில்லை.

பிளம்பரின் பாத்திகள் இப்போது தரையில், வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டி இருக்கின்றன. பாதி நாள் நிழல். தக்காளி சின்னதாகத்தான் காய்க்கிறது, அதுவும் கொஞ்சம்தான். வெள்ளிக்கிழமை மேஜையை இப்போது மூலைக் கட்டடத்துப் பூசணிக்காரம்மா பார்த்துக்கொள்கிறாள். பிளம்பர் மூட்டை தூக்குகிறார், மேஜை துடைக்கிறார். தையல்காரி சில வாரம் வருவாள், சில வாரம் வரமாட்டாள். வந்தால் மற்றவர்களிடம் பேசிவிட்டுப் போவாள். அவரை அண்ணே என்று கூப்பிடுவதில்லை.

போன வாரம் புதிதாகக் குடிவந்த ஒருவர் வாடிய தக்காளியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "மாடியில பிரமாதமா காய்ச்சதாமே? கீழ் வீட்டு அம்மா சண்டை போட்டு எடுக்க வெச்சுட்டாங்கன்னு சொன்னாங்க" என்றார்.

பிளம்பர் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"இல்லைங்க. நடந்தது அது இல்ல" என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.