கழுதை கத்தியது பிழையா?

போன சனிக்கிழமை எருக்கலம்பிட்டி வாசிகசாலை ஒன்றில் சிறுவர்களுக்குக் கதை சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். தெருவெல்லாம் கழுதை திரிகிற மன்னாரில் போய் சிங்கத்தையும் புலியையும் பற்றிப் பேசுவானேன்? கழுதைக் கதையையே எடுத்தேன்.

உங்களுக்கும் தெரிந்திருக்கும். வீட்டுக்குக் கள்ளன் வருகிறான். நாய் பேசாமல் படுத்திருக்கிறது. கழுதை மட்டும் கத்துகிறது. தூக்கம் கெட்ட வீட்டுக்காரர் எழுந்து வந்து கழுதைக்கு நாலு போடு போடுகிறார். கள்ளன் மெல்ல நழுவிவிடுகிறான்.

கழுதை மாதிரியே கத்திக் காட்டினேன். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அந்த உற்சாகத்தில் நீதியையும் அவிழ்த்துவிட்டேன்.

"அவரவர் தங்கட வேலையை மட்டும் பாக்க வேணும். விளங்கிச்சா?"

"ஓம் மிஸ்!"

முன்னால் இருந்த ஹஸ்னா மட்டும் எழுந்து நின்றாள். எட்டு வயது இருக்கும். கண் நிறையத் தண்ணீர்.

"அப்ப எங்கட உம்மா கத்தினது பிழையா மிஸ்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்றப் பிள்ளைகள்தான் போட்டி போட்டுக்கொண்டு விளக்கினார்கள். கொஞ்ச நாளைக்கு முன் பக்கத்து வீட்டு ஜன்னலால் புகை வந்திருக்கிறது. ஹஸ்னாவின் உம்மா "நெருப்பு! நெருப்பு!" என்று தெருவையே கூட்டிவிட்டார். ஜன்னலுக்குள் ஒரு வாளி தண்ணீரையும் வீசிவிட்டார். பார்த்தால்... கடிக்கிற நுளம்பை விரட்டப் போட்ட தேங்காய் மட்டைப் புகை! தண்ணீர் முழுக்க, அந்தப் புகைக்குள்ளும் குறட்டை விட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் மேல்.

அன்றிலிருந்து தெருவில் ஹஸ்னாவின் உம்மாவுக்குப் பெயர் 'ஃபயர் பிரிகேட்'.

"உம்மா இப்ப கடைக்கும் போறேல்லை. பக்கத்து வீட்டு மாமியோடயும் கதைக்கிறேல்லை," என்றாள் ஹஸ்னா.

சிரிப்பு அடங்கிவிட்டது. நான் கழுதைக் கதைக்கே திரும்பினேன்.

"சரி, நீங்களே சொல்லுங்கோ. வீட்டுக்காரர் என்ன செய்திருக்க வேணும்?"

"டோர்ச் அடிச்சுப் பாத்திருக்க வேணும்!"

"நாய்க்கு ரெண்டு போட்டிருக்க வேணும்!"

வாசல் பக்கம் யாரோ சிரித்தார்கள். மகளைக் கூட்டிப்போக வந்த ஒரு பெண். பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது, அவரேதான் — அந்தப் பக்கத்து வீட்டு மாமி! எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டு நின்றாரோ... உள்ளே வந்து ஹஸ்னாவின் கண்ணைத் துடைத்தார்.

"வாங்கோ மகள், உம்மாட்டப் போவம்."

அவருடைய மகளோடு நானும் பின்னாலேயே போனேன். போகாமல் இருக்க முடியுமா?

ஹஸ்னா வீட்டுக் கதவு பாதிதான் திறந்தது.

"ராத்தா... அண்டைக்கு நான்..." ஹஸ்னாவின் உம்மா கதவுக்குப் பின்னாலேயே நின்றார்.

"விடுங்கோ தங்கச்சி. ஊர் சிரிக்கேக்க நானும் சேந்து சிரிச்சதுதான் பிழை. உண்மையா நெருப்புப் பத்தியிருந்தா, நீங்கதானே முதல் ஓடி வந்திருப்பீங்க? இனியும் புகையைக் கண்டா கத்துங்கோ." கொஞ்சம் யோசித்தார். "தண்ணிய மட்டும் பாத்து ஊத்துங்கோ. அவருக்கு இன்னும் தும்மலும் தடிமனும் விடேல்லை!"

கதவு முழுதாகத் திறந்தது. எங்கள் நாலு பேருக்கும் இஞ்சி போட்ட தேத்தண்ணி கிடைத்தது. ஹஸ்னாவுக்கு இரண்டு பிஸ்கட் கூடுதலாக.

திரும்பி வரும்போது ஒரே யோசனை. 'உன் வேலையை மட்டும் பார்' என்ற அந்த நீதியை இந்தக் கதையின் வாலில் கட்டிவிட்டது யாராக இருக்கும்?

எனக்கென்னவோ அந்தக் கள்ளன்மேல்தான் சந்தேகம்!