மேலிருந்த பொத்தான்

எங்கள் ஓட்டுநரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பத்தொன்பது வருடம் சுரங்கம் குடையும் இயந்திரத்தை ஓட்டியவர். முன்னால் பாறை உதிரப்போகிறது என்றால், இயந்திரத்தின் பற்கள் கடிக்கும் சத்தத்திலேயே கண்டுபிடித்து நிறுத்திவிடுவார். அவரால் இன்று உயிரோடிருக்கும் பதினாறு பேரில் நானும் ஒருவன். ஆனாலும் அவர் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை.

எங்களை வேலைக்கு வைத்திருந்தவர் அவருடைய தங்கையின் கணவர். சின்ன ஒப்பந்தக்காரர், வீட்டை அடகு வைத்து அந்த இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தவர். முன்பெல்லாம் வேலை நின்றால் நஷ்டம் யார் தலையில் என்று சுரங்க வேலையைக் கொடுத்த பெரிய கம்பெனியோடு குடுமிப்பிடிச் சண்டைதான். இந்த முறை மல்லுக்கட்டி ஒப்பந்தத்தையே மாற்றினார். இயந்திரம் நிற்கும்போதெல்லாம் ஓட்டுநர் திரையில் காரணத்தை அழுத்த வேண்டும்: மேலிருந்து கீழாகப் பழுது, பாறை, தண்ணீர், ஆள் பற்றாக்குறை. பாறையோ தண்ணீரோ என்றால் நின்ற நேரத்துக்குக் கம்பெனி காசு தரும். மற்றதெல்லாம் ஒப்பந்தக்காரர் பாடு. நியாயமான ஏற்பாடு, நானே சொல்கிறேன்.

"இனிமே மெஷினே சாட்சி. நம்மள யாரும் ஏமாத்த முடியாது," என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஐந்து மாதம் நரகம். தலைக்கு மேல் பாறை உதிராத நாளே இல்லை. கடைசியில் கணக்கு முடித்தபோது, கம்பெனி கொடுத்தது வாடகைக்கே போதவில்லை. இயந்திரம் முந்நூற்றுப் பதினொரு முறை நின்றிருந்தது; அத்தனைக்கும் பதிவில் பழுது என்றே இருந்தது.

"தில்லுமுல்லு!" என்று குதித்தார் ஒப்பந்தக்காரர். கம்பெனி மேல் புகார் கொடுத்து, நடுவர் விசாரணைக்கு மச்சானையே சாட்சியாக அழைத்துப் போனார். நாங்களும் சுவரோரம் நின்றோம்.

நடுவராக இருந்த அம்மா பதிவை ஓட்டுநர் முன்னால் வைத்தார். "இதை அழுத்தினது யாரு?"

"நான்தாங்க."

"எல்லாமே பழுதா?"

ஓட்டுநருக்கு வியர்த்துக் கொட்டியது. "இல்லைங்க, முக்கால்வாசி பாறைதான். நின்னதும் திரை அலற ஆரம்பிச்சிடும். எதையாவது அழுத்தினாத்தான் அடங்கும். முன்னாடி பசங்க நிக்கிறாங்க, ஓடிப்போய்ப் பாறையைப் பாக்கணும். மேல இருந்த பொத்தானை ஒரு தட்டு தட்டிட்டு ஓடிடுவேன்."



"எந்தெந்தத் தேதி பாறைன்னு சொல்ல முடியுமா?"

யோசித்து யோசித்து மூன்று நாள் சொன்னார். மூன்றும் எங்களில் யாருக்காவது அடிபட்ட நாட்கள்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் நினைக்கலை," என்றார் அந்த அம்மா. "மூணுக்கும் காசு வரும். மிச்சத்துக்குப் பதிவுதான் சாட்சி."

வெளியே வந்ததும் ஒப்பந்தக்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "மெஷினும் ஏமாத்தலை, கம்பெனியும் ஏமாத்தலை. நான் யாரைத் திட்டுறது மச்சான்?"

"என்னைத் திட்டு மாப்ள."

அவர் திட்டவில்லை. அடுத்த வாரம் வீட்டைக் கடன் கொடுத்தவரிடமே விட்டுவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனார். எங்கே போகிறோம் என்று தங்கைகூட அண்ணனிடம் சொல்லவில்லை.