செல்வி அக்காவின் பாஸ்வேர்டு

நந்தனத்தில் எங்கள் அலுவலகத்துக்கு எட்டு சர்வர்கள். டேட்டாபேஸ் மென்பொருளை இரண்டில் ஓட்ட மட்டுமே லைசென்ஸ். நெருக்கடியில் அது மற்ற சர்வர்களுக்குத் தானாகத் தாவும் வசதியை, சர்வர்களைக் கவனிக்கும் செல்வி அக்கா அணைத்தே வைத்திருப்பார். ஒருநாள் சிஸ்டம் திணறியபோது, எங்கள் எல்லோருக்கும் தெரிந்த அவருடைய பாஸ்வேர்டில் நுழைந்து நான் அதை இயக்கினேன். அணைக்க மறந்தேன்.

மென்பொருள் நிறுவனத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர் பதிவைக் காட்டினார். லைசென்ஸை மீறி எட்டிலும் ஓடியிருந்தது. "யார் இதை ஆன் பண்ணது?"

திரையில் அக்காவின் பெயர்.

"ஞாபகமே இல்லீங்க. ஆனா என் பேருதானே கீது" என்றார் அக்கா.

அன்றே அவருடைய வேலை போயிற்று. லிஃப்ட் வாசலில் என்னைப் பார்த்து, "நீ ஏன்பா அழுவுற? தப்பு என்னுது" என்றார்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.