உள்ளிருந்து சாத்தும் ஜிப்

சேலத்திலிருந்து மிதித்தே மலையேறினேன் என்று எழுத ஆசைதான். எழுதினால் என் முழங்கால் என்னை மன்னிக்காது. சைக்கிளையும் என்னையும் ஏற்காட்டில் கொண்டுபோய் இறக்கியது ஒரு காய்கறி வேன். அங்கிருந்து நாகலூர் வரை மிதித்தது மட்டும் சத்தியமாக நான்தான். ஏற்றங்களில் இறங்கித் தள்ளியதும் நானேதான்!

போன வாரம் நடந்தது இது. கேரியரில் ஒரு கூடாரம், ஒரு போர்வை, குட்டி ஸ்டவ். திட்டம் ரொம்பச் சின்னது — ஒரு பகல், ஓர் இரவு, நான் மட்டும்.

ஏன் என்று கேட்கிறீர்களா? கல்யாணம் ஆனதிலிருந்து ஓர் இரவுகூட நான் தனியாக இருந்ததில்லை. 'அம்மா, சார்ஜர் எங்கே?', 'ஏம்மா, என் கண்ணாடியப் பாத்தியா?' — எங்கள் வீட்டில் பொருள்களுக்கெல்லாம் கால் முளைக்கும். தேடுவதற்கு நான் ஒருத்தி. யாரும் எதையும் என்னிடம் கேட்காத ஒரே ஒரு ராத்திரி... அது போதும் எனக்கு.

ஆனால் தனிமை அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடுமா என்ன? எதிரே வந்த பஸ் நின்றேவிட்டது. கண்டக்டர் தலையை நீட்டி, "தனியாவாங்க போறீங்க?" என்றார். பின்னால் ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். திருவிழாவில் தொலைந்த குழந்தையைப் பார்ப்பது போல ஒரு பரிதாபப் பார்வை. வந்த கோபத்தில் அடுத்த ஏற்றத்தை இறங்காமலேயே மிதித்துவிட்டேன்.

நாகலூரில் டீ குடிக்கும்போதுதான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். எஸ்டேட்டில் வேலை, சொந்தமாகவும் கொஞ்சம் காப்பிச் செடி உண்டு. கூடாரம் போட இடம் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் நான் விசாரித்ததைக் கேட்டு, "எங்க காப்பிக் காட்டுல போட்டுக்கங்க, ஊட்டுக்குப் பக்கந்தானுங்க" என்று கையோடு கூட்டிப்போனார்.

காப்பிக்கொட்டை காயப்போடும் சிமென்ட் களம். அதன் ஓரத்தில், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் கூடாரம் போட்டேன். சுற்றிலும் காப்பி பூத்திருந்தது. அந்த வாசனைக்காகவே இன்னொரு தடவை மேடு ஏறலாம்.

இருட்டுகிற நேரம் ஸ்டெல்லா வந்தார். பின்னாலேயே கணவர், மாமியார், இரண்டு பெண்கள்.

"ஏனுங்க, ஊடு இருக்கறப்ப வெளியில படுத்தா நல்லாவாங்க இருக்கும்? உள்ள வாங்க."

"இல்லைங்க, தனியாப் படுக்கணும்னுதான் வந்ததே."

தனியாகப் படுப்பதற்கு ஒருத்தி ஆசைப்படுவாள் என்பதை அவர்களால் நம்பவே முடியவில்லை. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊட்டுல ஏதாச்சும் சண்டையா கண்ணு?"

இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் வலுத்தது. கடைசியில் ஸ்டெல்லாவின் கணவர் தீர்ப்புச் சொன்னார். "அவங்க உள்ள வர வேண்டாம். நாம வெளிய வந்துக்கலாம்!"

பாய் வந்தது. தலையணை வந்தது. சட்டியோடு அரிசிம்பருப்புச் சோறு வந்தது. வந்தவளைத் தனியே படுக்கவிட்டார்கள் என்று ஊர் பேசிவிடக் கூடாதாம். குடும்பமே களத்தில் வரிசையாகப் படுத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. பாசத்திலா? ஆத்திரத்தில்! போதாக்குறைக்கு மாமியாரின் குறட்டை வேறு.

விடிந்தபோது ஒரே பனி. மற்றவர்கள் எழுந்து வீட்டுக்குள் போயிருந்தார்கள். ஸ்டெல்லா மட்டும் வரக்காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கூடாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள போயிப் பாக்கட்டுங்களா?"

"தாராளமா."

போனார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஜிப்பைத் தொட்டுப் பார்த்தார். "இத உள்ள இருந்தே சாத்திக்கலாங்களா?"

"சாத்திக்கலாங்க."

"அப்ப... கொஞ்ச நேரம் இருந்துக்கறனுங்க."

சர்ரென்று ஜிப் மூடியது.

உடனே ஆரம்பித்தது பாருங்கள்! சின்னப் பெண் ஓடி வந்தாள். "அம்மா எங்கீங்க? சீப்பக் காணோம்." அடுத்து கணவர். "ஸ்டெல்லாவப் பாத்தீங்களா? வண்டிச் சாவிய எங்க வெச்சான்னு தெரியலீங்க." வீட்டுக்குள்ளிருந்து மாமியாரும் எதையோ கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எல்லார் வீட்டிலும் ஒரே சாவிதான் தொலைகிறது போலிருக்கிறது.

"தெரியலீங்க... கடைப்பக்கம் போனாங்களோ என்னமோ" என்றேன், முகத்தைக் காப்பி டம்ளருக்குள் வைத்துக்கொண்டு. முதுகுக்குப் பின்னால் கூடாரத்தில் ஓர் அசைவும் இல்லை. யார் கேட்டாலும் சொல்வதில்லை என்று வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டேன். ராத்திரி வந்த ஆத்திரமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

வெயில் வந்த பிறகுதான் ஜிப் திறந்தது.

"உள்ள என்ன பண்ணீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒன்னுமே பண்ணலீங்க" என்றார் ஸ்டெல்லா. இதை இத்தனை பெருமையாக யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், கூடாரத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வீட்டில், 'கூடாரம் எங்கே?' என்று கேட்டார்கள். தொலைந்துவிட்டது என்றேன்.

எங்கள் வீட்டில் தொலைந்ததைத் தேடுகிற ஆள் நான்தானே? இதைத் தேடுவதாக இல்லை!