தம்பி கொடுத்த மாத்திரை

ராமாத்தாளுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று அவள் வாய். எங்கள் ஜெகதளா தேயிலை ஃபேக்டரியில் மேனேஜரே அதற்குப் பயப்படுவார். மற்றொன்று குன்னூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் அவள் தம்பி விஜயன். அந்த இரண்டாவது பெருமையை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் சின்னம்மை, சிலோனிலிருந்து வந்த குடும்பம். தேயிலைத்தூளில் குச்சி பொறுக்கும் மேஜையில் அவளுக்கு எதிரே உட்காருகிறவள். புருஷன் போய்ச் சேர்ந்து, பிள்ளையும் இல்லாத ராமாத்தாள், தம்பியின் பெண்கள் வனிதா, கோகிலா இருவரையும் இடுப்பிலேயே வைத்து வளர்த்தாள். அதற்கு அவன் செய்த கைம்மாறைத்தான் சொல்லவருகிறேன்.

அவர்களுடைய ஒரே அண்ணன் ராசு பெருங்குடல் புற்றுநோயில் இறந்தார். ஐம்பதுகூட ஆகவில்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த கோயம்புத்தூர் டாக்டர், "இது உங்க குடும்பத்துல பரம்பரையா வரலாம். கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரும் கேமரா விட்டுக் குடலைப் பாத்துக்கங்க" என்று சொல்லியனுப்பினார். ராமாத்தாள் உடனே கிளம்பியிருப்பாள். தம்பிதான் தடுத்தான்.

"அதெல்லாம் எதுக்குங்கக்கா? தெனமும் ஒரு ஆஸ்பிரின் போட்டா அந்த நோய் கிட்டயே வராதுன்னு ஆராய்ச்சியில கண்டுபுடிச்சிருக்காங்க. நானே கொண்டாந்து தர்றேன்."

காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போகாமல் மருந்துக்கடையில், "ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்று வாங்கி விழுங்குகிற ஜனங்கள் நாங்கள். கடைக்காரனே கூடப்பிறந்தவன் என்றால் கேட்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாத்திரை அட்டையோடு வந்து நிற்பான். இவள் கறிக்குழம்பு வைத்துப் போடுவாள். எட்டு வருஷம் இந்தக் கூத்து. "என்ர தம்பி எனக்குக் காவல் போட்டுட்டான்" என்று மேஜை முழுக்கப் பீற்றிக்கொள்வாள்.

போன வருஷம் அவளுக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தது. "மாத்திரை ரத்தத்தை எளக்குமுங்கக்கா, அதுதான். பயப்படாதீங்க" என்றான். மாத்திரையாலும் ரத்தம் போகும்தான். ஆனால் உள்ளே பார்க்காமல் அதுதான் என்று எப்படிச் சொல்வது? இவள் துரும்பாக இளைத்து, ஒரு நாள் மேஜைமேலேயே மயங்கிச் சாய்ந்தாள். "நீயும் உன் தம்பியும்! கிளம்படி" என்று நான்தான் கோயம்புத்தூருக்கு இழுத்துப் போனேன். விஜயனின் பெண்டாட்டி பங்கஜம் துணைக்கு வந்தாள்.

சோதனைக்கு முந்தின சாயங்காலம், வயிற்றைச் சுத்தம் செய்ய ஒரு பெரிய பாட்டில் மருந்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்ததுமே ராமாத்தாள் ஓங்கரித்தாள். பங்கஜம் அவள் முதுகைத் தடவிவிட்டாள்.

"மூக்கைப் புடிச்சுட்டுக் குடிச்சிருங்க அண்ணி. அவருக்கும் இப்படித்தான் கொமட்டுச்சு. எலுமிச்சம்பழத்தை மோந்துட்டே குடிச்சாரு, எறங்கிருச்சு."

"எவரு?"

பங்கஜம் தலையைக் குனிந்துகொண்டு பாட்டில் மூடியைத் திருகினாள்.

"எவரு குடிச்சாருன்னு கேக்கறனல்லோ!"

பங்கஜம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ராசு இறந்த கொஞ்ச நாளிலேயே விஜயன் யாருக்கும் தெரியாமல் கேமரா சோதனை செய்துகொண்டிருக்கிறான். குடலுக்குள் சின்னதாக ஒரு சதை வளர்ந்திருந்ததாம். புற்றாக மாறுமுன் எடுத்துவிட்டார்களாம். இன்றைக்கும் கெடு தவறாமல் போய்ப் பார்த்துக்கொள்கிறானாம். அக்காளுக்கு மட்டும் மாத்திரை. அடப்பாவி!

சோதனையில் ராமாத்தாளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஸ்கேனில் பார்த்தால் ஈரலுக்கும் பரவியிருந்தது. தினமும் ஆஸ்பிரின் போட்டதைச் சொன்னோம். "உங்கள மாதிரி சில குடும்பங்களுக்கு அந்த மாத்திரை கொஞ்சம் உதவலாம்மா. அதையும் டாக்டர் பாத்துத்தான் குடுக்கணும். சோதனைக்குப் பதிலா அது ஆகாது" என்றார் டாக்டர்.

விஜயன் ஓடிவந்து கட்டிலோரம் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

"வனிதாவுக்கு மாப்பிள்ளை ஊட்டுல பேசிட்டிருந்த நேரமுங்கக்கா. நீங்க டெஸ்டுக்குப் போனா உங்க வாயாலயே ஜெகதளா பூராத் தெரிஞ்சிரும். கேன்சர் வர்ற குடும்பம்னு பொண்ணு எடுக்க மாட்டாங்கன்னு பயந்துட்டேன்."

"கல்யாணந்தான் முடிஞ்சுதே. அப்பறமாச்சும் சொல்றதுக்கென்ன?"

"அப்பறம் எந்த மொகத்தோட சொல்றதுங்கக்கா?"

"நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டயேடா. எங்கிட்டச் சொல்லியிருந்தா, உங்கூடவே நானும் யாருக்கும் தெரியாமப் போயிட்டு வந்திருப்பனேடா!"

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை ஆரம்பித்தான்: "இப்ப கோகிலாவுக்கு ஒரு எடம் வந்திருக்குது. யாராச்சும் கேட்டா வயித்துப்புண்ணுன்னே சொல்லிக்கலாங்கக்கா." எனக்குச் செருப்பைக் கழற்றலாம்போல் வந்தது. ராமாத்தாள் என்னிடம் போனை வாங்கி, அவனுடைய மூத்த மகள் வனிதாவைக் கூப்பிட்டாள்.

"சாமி, அத்தை பேசறேன். பெரியப்பனுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்குது. நீயும் கோகிலாவும் டாக்டரைப் பாத்து, எப்பக் கேமரா போடோணும்னு கேளுங்க."

விஜயன் போனைப் பிடுங்க வந்தான். அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"அழுகாத கண்ணு. முன்னமே பாத்துக்கிட்டா ஒண்ணும் ஆகாது. உங்கப்பன் பாத்துக்கிட்டான், நல்லாத்தான் இருக்கறான்."